ஒரு குடும்பத்தின் விருதுச் சின்னம்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



அரசர்க்குக் கொடியும் இலச்சினையும் உண்டென்பது யாவரும் அறிந்ததே. ஆங்கில தேசத்திலோ தனித்த ஒரு குடும்பத்திற்கும் விருதுச் சின்னம் வழங்கும் வழக்கம் உண்டு. தகுதியை ஆராய்ந்து அதனை வழங்குதற்கென்றே லண்டனில் 1484-ஆம் ஆண்டில் ஏற்பட்ட சின்னக் கழகம் இன்றும் நடைபெற்று வருகின்றது. அவ்விதம் சின்னம் பெற்ற குடும்பங்களுள் நாடகாசிரியர் ஷேக்ஸ்பியர் குடும்பமும் ஒன்றாகும்.

அவர் தந்தையார் ஜான், ஸ்ட்ராட்ஃபோர்டு என்னும் சிற்றூரில் தோற்கையுறை செய்து விற்றவர். 1568-ஆம் ஆண்டில் அவ்வூர் நகரசபைத் தலைமையும் வகித்தார். பின்னர்க் கடன்பட்டு நிலை தாழ்ந்தார். மகனார் வில்லியம் லண்டனில் நாடகத்தால் பொருளீட்டிய காலத்தில், 1596-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதியிட்ட சாசன வரைவு எழுந்தது. சின்னம் தந்தையார் பெயருக்கே வழங்கப்பட்டது. முயற்சி மகனாருடையது என்பது சரித்திர ஆசிரியர் பலர் கருத்து.

இனி, சின்னத்தின் அமைப்பைக் காண்போம். கேடயத்தின் தளம் பொன்னிறம். அதன்மீது, நாம் நோக்குங்கால் இடப்பக்க மேல்மூலையினின்று வலப்பக்கக் கீழ்மூலைக்குச் சரிந்து செல்லும் கரும்பட்டை. பட்டையின்மீது வெள்ளி முனையுடைய பொன் ஈட்டி. கேடயத்திற்கு மேல், சிறகு விரித்த வெள்ளை ராஜாளி ஈட்டியொன்றைத் தாங்கி நிற்கின்றது. பொன்னும் வெள்ளியும் உலோகமெனப்படும்; கறுப்பும் சிவப்பும் போல்வன வர்ணமெனப்படும். உலோகத்தின்மேல் உலோகமும் வர்ணத்தின்மேல் வர்ணமும் இடலாகாது என்பது இக்கலையின் விதி. தொலைவிலிருந்தே தெளிவாகத் தோன்றவேண்டும் என்பதே அதன் பயன். பொன்மேல் கறுப்பும், கறுப்பின்மேல் பொன்னுமாக இச்சின்னம் அவ்விதிக்கு முற்றும் இயைந்தது.

ஈட்டி ஏன் வந்தது? 'ஷேக்' என்றால் அசைத்தல். 'ஸ்பியர்' என்றால் ஈட்டி. குடும்பப் பெயரே சித்திரமாயிற்று. அதனுடன் பழைய பிரெஞ்சு மொழியில் ஒரு வாசகமும் உண்டு. 'உரிமையின்றி அன்று' என்பது அதன் பொருள்.

அவ்வுரிமைக்கே ஆட்சேபம் பிறந்தது. 1602-ஆம் ஆண்டில் கழகத்து அதிகாரியாகிய ரால்ஃப் புரூக் என்பவர், தாழ்ந்தோர்க்குச் சின்னம் வழங்கப்பட்டதென்று குறைகூறி, இந்நாடகக்காரர் பெயரையும் சுட்டினார். பழைய பிரபு ஒருவரின் சின்னத்தை இது ஒத்துள்ளதென்றும் சொல்லப்பட்டது. வழங்கியோர், ஈட்டி இருத்தலால் இது வேறென்றும், ஜான் நீதி விசாரணைப் பதவி வகித்தவரென்றும் விடையிறுத்தனர். மகனார் இயற்றிய நாடகங்களை ஒரு தகுதியாக அவர்கள் எடுத்துரைத்திலர்!

அன்பர்களே! சாசன வரைவின் தேதியை மீண்டும் நினைவு கூர்மின். வில்லியத்தின் ஒரே ஆண்மகவு ஹாம்நெட், பதினொரு வயதில் இறந்து, அவ்வாண்டு ஆகஸ்டு 11-ஆம் தேதி அடக்கம் செய்யப்பட்டான். அதற்குச் சரியாக எழுபதாம் நாள், ஜானுக்கும் அவர் சந்ததிக்கும் என்று இச்சின்னம் எழுதப்பட்டது. தந்தையினின்று மைந்தர்க்கு இறங்கவேண்டிய மரியாதை, இங்கே மைந்தனால் தந்தைக்கு ஏறிற்று, பேரனை அடையவில்லை. 1616-ஆம் ஆண்டில் வில்லியமும் மறைந்தார். அவர் பேர்த்தி எலிசபெத் 1670-ஆம் ஆண்டில் மகப்பேறின்றி இறக்க, அவர்தம் நேர் வழி முடிந்தது.

ஸ்ட்ராட்ஃபோர்டு ஆலயத்தில் அவர் நினைவுச் சிற்பத்தின்மேல் அவ்வீட்டியை இன்றும் காணலாம். அதனைக் காணச் செல்வோர், சின்னம் பெற்ற குடும்பமென்று செல்வதில்லை. நாடகங்களைப் படித்தே செல்கின்றனர். நம் குடும்பங்களில் முன்னோர் பெருமையைப் பேசுமிடத்து, அதனுடன் நாம் சேர்த்தது யாது என்பதையும் நம் மக்கள் கேட்பாராக.