தோலின் காவலும் அழற்சியும்



2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் மணலிப் பகுதியிலிருந்து எண்ணெயைச் சுமந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் கொண்டு சேர்த்ததை நாம் அனைவரும் அறிவோம். அதனை வாளிகளாலும் குவளைகளாலும் அள்ளியவர்கள் மீனவர்கள். முதல் நாட்களில் பலருக்குக் கையுறையும் இல்லை. கைகால்களில் எரிச்சலும் அரிப்பும் தடிப்பும் கண்டன. "உழைக்கிற உடம்பு, கறுத்த தோல், எல்லாம் தாங்கும்" என்றொரு பேச்சு உண்டு. துறைமுகத்தில் மூட்டை சுமந்த நம் பாட்டன்மார் காலந்தொட்டு வரும் பேச்சு அது. அது மெய்தானா என்று பார்ப்போம்.

தோல் என்றால் என்ன என்று வகுப்பில் வினவினால், 'உடம்பின் போர்வை' என்று பிள்ளைகள் எழுதுவர். அவ்விடை பிழையன்று; ஆனால் பாதி விடையே. தோலின் மேலடுக்கு பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமே உடையது. அதிலுள்ள உயிரணுக்களுள் ஏறத்தாழ 90 விழுக்காடு கெரட்டினோசைட்டுகள். செங்கற்களைப் போல் அடுக்கப்பட்ட வெறும் சுவரே இவை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1981-இல் லூகர் முதலிய ஆய்வாளர்கள், இவை நோய் எதிர்ப்பு வெள்ளையணுக்களைத் தூண்டும் ஒரு பொருளைச் சுரப்பதாக வெளியிட்டனர். அது இன்டர்லூக்கின்-1 என்னும் புரதமே எனப் பின்னர்த் தெளிவாயிற்று.

இப்புரதத்தின் ஆல்ஃபா வகை கெரட்டினோசைட்டுகளுள் முன்னரே ஆயத்தமாக இருக்கிறது. எண்ணெயோ காரப்பொருளோ உயிரணுவைச் சிதைத்தால் அது வெளியே கசிகிறது. அண்டை உயிரணுக்கள் அதனை உணர்ந்து, டி.என்.எஃப்.-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 ஆகியவற்றைப் புதிதாக ஆக்கி விடுக்கின்றன. நள்ளிரவில் ஒரு குடிசை தீப்பற்ற, ஒருவர் இட்ட கூக்குரலைக் கேட்டுத் தெரு முழுவதும் கூவுவதைப் போன்றது இது. உடனே குருதிக் குழாய்கள் விரிகின்றன, சூடு பிறக்கிறது. நீர் கசிந்து வீக்கம் உண்டாகிறது. இன்டர்லூக்கின்-8 வெள்ளையணுக்களை அவ்விடத்திற்கு ஈர்க்கிறது. நரம்பு நுனிகள் தூண்டப்பட, அரிப்பு எழுகிறது. இதுவே அழற்சி.

கறுத்த தோலிலும் நடப்பது இதுவேதான். அதிலுள்ள நிறமி வெயிலின் புற ஊதாக் கதிரை ஓரளவு தடுக்கும். எண்ணெயையும் சிமெண்டையும் தடுக்காது. வேறுபாடு ஒன்று உண்டு: நம் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. பாடநூற் படங்களோ பெரும்பாலும் வெளுத்த தோலையே காட்டுகின்றன. சிவப்பைத் தேடுபவர் கண்ணுக்கு நம் அழற்சி தப்பிவிடும். சூடு, வீக்கம், இயல்பினும் கருமையான நிறம் ஆகியவற்றையே பார்க்க வேண்டும். அழற்சி தணிந்த பின்னும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். அதனைத் தாங்கியதன் அடையாளம் என்பது கொடுமை.

கட்டட வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் ஒன்றை அறிய வேண்டும். ஈரச் சிமெண்டில் காரத்தோடு குரோமியமும் உண்டு. சிலருடைய வெள்ளையணுக்கள் அதனை ஒருமுறை பகையென்று நினைவிற் கொண்டால், பின்னர்ச் சிறிதளவு பட்டாலும் தோல் கொதிக்கும். அந்நினைவு ஆண்டுக்கணக்கில் அழியாது. "பழகிவிடும்" என்று மேஸ்திரி சொல்வதற்கு நேர்மாறானது இது.

எண்ணெய் பட்ட கையை மண்ணெண்ணெயால் கழுவும் வழக்கத்தை விடுங்கள். அது தோலின் கொழுப்பைக் கரைத்துப் புண்ணைப் பெருக்கும். தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, மென்மையான சோப்பால் கழுவலாம். ஸ்டான்லி மருத்துவமனைக்குச் சென்றால் 'அரிப்பு' என்று மட்டும் கூறாதீர்கள். என்ன வேலை, எந்தப் பொருள் பட்டது, எத்தனை நாளில் கண்டது, விடுமுறை நாட்களில் தணிகிறதா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டு செல்லுங்கள். எழுத இயலாத பெரியோர்க்கு அதனை எழுதித் தரும் பணியை நம் இளைஞர்கள் இவ்வாரமே தொடங்கலாம்.