ஆள் குறைந்த நிலமும் ஆள் குறைக்கப்பட்ட நிலமும்: இன்யோ கவுண்டியின் குடியேற்ற வரலாறு

இச்சொற்பொழிவுக்கான அறக்கட்டளை யாருடைய நினைவாக அமைந்ததோ அப்பேராசிரியர் மக்கட்பரவல் ஆய்வில் வாழ்நாள் முழுதும் ஈடுபட்டிருந்தவர் ஆதலால், அத்துறையில் நெடுநாளாகத் தீராமல் நிற்கும் ஒரு கருத்து வேறுபாட்டை இங்கு எடுத்துக்கொள்வது பொருத்தமாகும்.

அவ்வேறுபாடு இவ்வவையில் பலரும் அறிந்ததே. ஒரு வட்டாரத்தில் மக்கள் குறைவாக வாழ்வதற்குக் காரணம் என்ன என்று கேட்டால், மழையளவையும் மண்ணையும் உயரத்தையும் காட்டி விடை சொல்வது துறையின் பழைய வழக்கம். மழை வரைபடத்தையும் மக்களடர்த்தி வரைபடத்தையும் அருகருகே வைத்து, ஒன்று மற்றொன்றின் விளைவு என்று முடிப்பவர்கள் இன்றும் உள்ளனர். நிலமும் நீரும் யார் கையில் இருந்தன என்பதைக் கேளாத வரையில் அவ்விடை பாதி விடைகூட ஆகாது என்பதே இச்சொற்பொழிவின் நிலைப்பாடு. அப்பழைய வழக்கத்தைப் பின்பற்றும் இயற்கை வரம்புக் கொள்கையினர் தமக்கு மிகவும் சாதகமானதாகக் கருதும் வறண்ட நிலம் ஒன்றிலேயே இதைச் சோதித்துப் பார்ப்பது நேர்மையான முறையாகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழுள்ள ஆட்சிப் பிரிவு. ஏறத்தாழ நம் மாவட்டத்துக்கு இணையானது. கலிபோர்னியா மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் 1866இல் அமைக்கப்பட்ட இன்யோ கவுண்டி, ஏறத்தாழ 26,500 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. ஆனால் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 19,016 மட்டுமே. மேற்கு எல்லையில் 4,421 மீட்டர் உயர்ந்து நிற்கும் விட்னி சிகரமும், கிழக்கே கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கும் பேட்வாட்டர் படுகையும் ஒரே கவுண்டிக்குள் அடங்கும். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றைச் சியரா நெவாடா மலைத்தொடர் தடுத்துவிடுவதால், அதன் கிழக்கே கிடக்கும் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதியாகிறது. அதாவது மலையின் மறுபுறம் பொழியும் மழையில் சிறு பங்கே அங்கு விழும். எனினும் மலைமேல் தங்கும் பனி உருகி டஜன் கணக்கான ஓடைகளாக இறங்குவதால், வானம் பொய்த்த அப்பள்ளத்தாக்கை மலை கைவிடவில்லை. மழைமானியை மட்டும் பார்ப்பவர் தவறவிடுவது இந்த ஓடைகளைத்தான்.

அங்கு வாழ்ந்த பையூட் பழங்குடி மக்கள் அவற்றைத் தவறவிடவில்லை. இன்றைய பிஷப் நகரின் சுற்றுப்புறத்தில் அவர்கள் ஓடைகளுக்குக் குறுக்கே அணைகட்டி, நீண்ட வாய்க்கால்கள் வெட்டி, உழாமலும் விதைக்காமலும் தாமே வளர்ந்த கிழங்குச் செடிகளுக்கு நீர் பாய்ச்சினர் என்பதை ஜூலியன் ஸ்டூவர்ட் என்ற மானிடவியலாளர் 1930இல் எழுதிய கட்டுரையில் விளக்கியுள்ளார். 1860களில் மாட்டு மந்தைகளோடு வெள்ளையர் வந்து அந்தப் புல்வெளிகளில் மேய்த்தபோது போர் மூண்டது. 1863இல் ஏறத்தாழ 900 பையூட்டுகள் படைவீரர் காவலில் தெற்கே டெஹோன் கோட்டைக்கு நடத்திச் செல்லப்பட்டனர். 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இன்யோவுக்கு 1,956 பேர் என்று காட்டுகிறது. வரி செலுத்தாத பழங்குடியினரை அக்காலக் கணக்கெடுப்பு எண்ணாது விட்டது. ஆகவே, நாம் தொடக்கப் புள்ளி என்று எடுத்துக்கொள்ளும் எண்ணே ஒரு வெளியேற்றத்துக்குப் பின் எடுக்கப்பட்ட, அதுவும் முழுமை பெறாத எண்ணாகும்.

அதன்பின் சுரங்கமும் பாசன வேளாண்மையும் வளர, மக்கள்தொகை 1900இல் 4,377 ஆகவும் 1910இல் 6,974 ஆகவும் உயர்ந்தது. பின்னர் 1920இல் 7,031 என்று தேங்கி, 1930இல் 6,555 ஆகக் குறைந்தது. இடைப்பட்ட காலத்தில் மலைப்பனி வற்றிவிடவில்லை. தெற்கே வளர்ந்துவந்த லாஸ் ஏஞ்சலிஸ் மாநகரம், அதன் முன்னாள் மேயர் பிரெட் ஈட்டன், நீர்த்துறைப் பொறியாளர் வில்லியம் மல்ஹாலந்து ஆகியோரின் முயற்சியால் 1905 முதல் பள்ளத்தாக்கின் நிலங்களை, அவற்றோடு ஒட்டிய நீருரிமைக்காகவே வாங்கத் தொடங்கி, 1913 நவம்பரில் 375 கிலோமீட்டர் நீளமான நீர்வழியைத் திறந்தது. பள்ளத்தாக்கின் நீர் சென்று சேர்ந்த ஓவன்ஸ் ஏரி 1926ஆம் ஆண்டளவில் வறண்டது. 1930களின் தொடக்கத்தில் பள்ளத்தாக்கின் விவசாய நிலத்தில் சுமார் 95 விழுக்காடும் ஊர்மனைகளில் சுமார் 85 விழுக்காடும் அந்த மாநகரத்தின் உடைமையாகிவிட்டன.

நிலமும் நீரும் யார் கையில் இருந்தன என்பதன் விளைவை எந்தப் பொது வாதத்தையும்விடத் தெளிவாக நிறுவுவது மன்சனார் என்னும் ஒரே இடத்தின் வரலாறு. ஆதலால் அதைச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. கவுண்டியின் தலைமையிடமான இண்டிபெண்டன்ஸுக்குத் தெற்கே, மலையோடைகள் கொண்டுவந்து பரப்பிய வண்டல் விசிறியின்மீது, அதாவது மலையடியில் விசிறி வடிவில் படிந்த மண்மேட்டில், அவ்விடம் அமைந்துள்ளது. பையூட்டுகள் பருவந்தோறும் தங்கிய அவ்விடத்தில், பாசனக் குடியிருப்புகளை அமைப்பதில் பெயர்பெற்ற ஜார்ஜ் சாஃபி 1910இல் ஓர் ஊரைத் தொடங்கினார். ஓடை நீரைக் குழாய்களிலும் வாய்க்கால்களிலும் கொண்டுவந்து ஆப்பிளும் பேரியும் பீச்சும் வளர்த்தனர். பள்ளிக்கூடமும் மன்றமும் கடையும் எழுந்தன. மாநகரம் அந்த ஊரின் நிலங்களையும் ஒவ்வொன்றாக வாங்கி, 1929க்குள் ஏறக்குறைய முழுவதையும் கைக்கொண்டது. 1934 வாக்கில் ஊர் கைவிடப்பட்டது. வீடுகள் போயின, நீர் பாய்ச்ச ஆளின்றித் தோப்புகள் காய்ந்தன. அந்நாளில் அவ்வழியே சென்ற ஒருவர், இது பாலைநிலம், இங்கு எவரும் வாழ இயலாது என்று எழுதியிருந்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அவர் கண்டது ஒரு விற்பனைப் பத்திரத்தின் விளைவையே.

எட்டே ஆண்டுகள் கழிந்தன. ஜப்பானோடு போர் நடந்துகொண்டிருந்த 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9066ஆம் எண் ஆணையின்படி மேற்குக் கடற்கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் வீடுவாசல் துறந்து வெளியேற்றப்பட்டபோது, முதன்முதலில் திறக்கப்பட்ட முகாம்களுள் ஒன்று, மாநகரத்திடமிருந்து பெறப்பட்ட அந்த மன்சனார் நிலத்தில் எழுந்தது. ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்பில், முள்வேலியும் காவற்கோபுரங்களும் சூழ, 36 தொகுதிகளாகத் தார்த்தாள் போர்த்திய பலகைக் கொட்டில்கள் வரிசை வரிசையாக நின்றன. அவ்வாண்டு செப்டம்பருக்குள் அங்கு அடைக்கப்பட்டோர் 10,046 பேர். 1940ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இன்யோ கவுண்டி முழுவதற்குமே மக்கள்தொகை 7,625 என்பதை இங்கு நினைவில் நிறுத்த வேண்டும். ஒரு சதுர மைலில் அடைக்கப்பட்டவர்கள், 26,500 சதுர கிலோமீட்டரில் வாழ்ந்த அனைவரையும் எண்ணிக்கையில் விஞ்சினர்.

அவர்கள் குடித்த நீர் தொலைவிலிருந்து வந்ததன்று. அருகிலிருந்த ஷெப்பர்ட் ஓடையின் நீரே அது. முகாமுக்குள் எஞ்சி நின்ற பேரி, ஆப்பிள் மரங்களைக் கவாத்து செய்து, நீர் விட்டு, மீண்டும் காய்க்க வைத்தனர். வேலிக்கு வெளியே காய்கறி பயிரிட்டனர். கோழியும் பன்றியும் வளர்த்தனர். உணவுக்கூடங்களுக்கு முன்னே வரிசையில் காத்து நிற்பவர்களின் கண்ணுக்குக் குளிர்ச்சியாகக் கல் அடுக்கிய சிறு குளங்களையும் தோட்டங்களையும் அமைத்தனர். அவற்றின் சிமெண்டு விளிம்புகள் இன்றும் அவ்விடத்தில் காணக் கிடைக்கின்றன. பழைய தோப்பின் சில மரங்கள் இன்றும் உயிரோடு நிற்கின்றன. 1945 நவம்பர் 21 அன்று முகாம் மூடப்பட்டது. 1940க்கும் 1950க்கும் இடையில் திறந்து மூடப்பட்டதால், பத்தாண்டுக்கொரு முறை எடுக்கப்படும் கணக்கெடுப்பில் இப்பத்தாயிரவர் மன்சனாரில் ஒருமுறையும் எண்ணப்படவில்லை. கணக்கெடுப்பு அட்டவணையை மட்டும் வைத்து அடர்த்தி வரைபடம் வரைபவருக்கு முகாம் இருந்த காலத்து மன்சனாரும் வெற்றிடமே.

மன்சனாரைச் சான்றாகக் காட்டுவதற்கு இரண்டு மறுப்புகள் வழக்கமாக எழுப்பப்படுகின்றன. முகாமுக்கு உணவும் பொருளும் அரசு வெளியிலிருந்து கொண்டுவந்ததால் அதனை இயல்பான குடியிருப்பாகக் கொள்ளலாகாது என்பது ஒன்று. ஆனால் உணவை வெளியிலிருந்து பெறாத பெருநகரம் உலகில் எதுவுமில்லை. இன்யோவின் நீரைக் குடிக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் நீரையே வெளியிலிருந்து பெறுகிறது. விருப்பமின்றி அடைக்கப்பட்டவர்களைச் சான்றாகக் காட்டுவது முறையன்று என்பது மற்றொன்று. இது மதிப்புக்குரிய மறுப்பு. அம்மக்கள் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தவர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். புழுதிக்காற்றிலும் கடுங்குளிரிலும் அவர்கள் பட்ட துன்பத்தை எந்தக் கொள்கைக்கும் அணியாக்கக் கூடாது. ஆயினும் ஓடை எத்தனை பேரைத் தாங்கும் என்ற வினாவுக்கு அவர்களின் இருப்பு விடையளித்துவிட்டது. அவ்விடையை மறைப்பதும் அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

கவுண்டியின் கிழக்குப் பகுதியில் இயற்கை வரம்புக் கொள்கைக்கு உரிய இடம் உண்டு. 1913 ஜூலையில் 56.7 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவான டெத் வேலியில் பெருங்குடியேற்றத்தை எதிர்பார்க்க இயலாது. ஆனால் அங்கும் டிம்பிஷா ஷோஷோனி மக்கள் ஊற்றுகளை அறிந்து கோடையில் மலைக்கும் குளிர்காலத்தில் தாழ்நிலத்துக்கும் இடம்பெயர்ந்து வாழ்ந்தனர். அவர்களுக்கான தாயகச் சட்டம் 2000இல்தான் நிறைவேறியது.

நேரம் கருதி, இனிச் செய்யவேண்டியவற்றைச் சுருங்கச் சொல்லலாம். இன்று கவுண்டி நிலத்தில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவானதே தனியார் கையில் உள்ளது. இது வீட்டு வாடகையையும் இளைஞர் வெளியேற்றத்தையும் எவ்வாறு பாதிக்கிறது என்று ஊர்வாரியாக ஆராய வேண்டும். நிலப்பரிமாற்றத்துக்கான 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த பிஷப், பிக் பைன், லோன் பைன் பழங்குடிக் குடியிருப்புகளின் நீருரிமை தனியே ஆய்வுக்குரியது. மாநகரம் நீரைத் திருப்பியதால் வறண்டுகிடந்த கீழ் ஓவன்ஸ் ஆற்றில் 2006 டிசம்பரில் மீண்டும் நீர் விடப்பட்ட பின் கரையோர ஊர்களில் நேர்ந்த மாற்றமும் பார்க்கத்தக்கது. சுரங்க ஊர்களைப் பற்றி இங்கு எதுவும் சொல்ல இயலவில்லை. செர்ரோ கோர்டோ வெள்ளிச் சுரங்கம் ஒன்றே தனி நூலுக்குரியது. இவற்றுக்கெல்லாம் முன்பாக, துறையின் வகுப்பறைகளில் மழை வரைபடத்தோடும் அடர்த்தி வரைபடத்தோடும் நிலவுடைமை வரைபடத்தையும் சேர்த்து மாணவர்க்குக் காட்டும் வழக்கத்தை வரும் கல்வியாண்டு முதலே தொடங்குமாறு, மாற்றுக் கருத்துடைய நண்பர்களையும் உள்ளிட்டு அனைவரையும் இவ்வுரை வேண்டுகிறது.