வாக்களிக்காத இரவு



ஒரு தொழிற்சங்கப் பெரியவரின் நினைவாக நடக்கும் இந்தப் பொழிவில், தொழிற்சங்கங்கள் பெற்றெடுத்த ஒரு கட்சியைப் பற்றி மனத்தாங்கலோடு பேச வந்திருக்கிறேன். பிரிட்டனின் தொழிற்கட்சிதான் அது.

2015 மே மாதத் தேர்தலில் அக்கட்சிக்குக் கிடைத்தவை 232 இடங்கள். கட்சித் தலைவர் எட் மிலிபாண்ட் விலகினார். ஹாரியட் ஹார்மன் இடைக்காலத் தலைவரானார். ஜூலையில் கன்சர்வேடிவ் அரசு நலத்திட்டச் சீர்திருத்த மசோதாவைக் கொண்டுவந்தது. இனிப் பிறக்கும் மூன்றாம் குழந்தைக்கு, வருமானம் பார்த்துத் தரும் உதவித்தொகை கிடையாது. ஒரு குடும்பம் பெறும் மொத்த உதவிக்கு ஆண்டுக்கு லண்டனில் 23,000 பவுண்டு, பிற இடங்களில் 20,000 பவுண்டு என்று உச்சவரம்பு. 2010இல் தொழிற்கட்சியே இயற்றிய குழந்தை வறுமைச் சட்டத்தின் இலக்குகளும் அதோடு ஒழிந்தன. தான் கட்டிய வீட்டைக் கண்ணெதிரே இடிக்கிறார்கள்; கட்சி என்ன செய்தது?

ஜூலை 20 இரவு, மசோதாவின் இரண்டாம் வாசிப்பு. மசோதாவை ஏற்க மறுக்கும் திருத்தம் ஒன்றைக் கட்சி முன்மொழிந்தது. அது தோற்றது. அதன்பின் மசோதாவின் மீதே வாக்கெடுப்பு வந்தபோது, வாக்களிக்காமல் ஒதுங்கியிருக்கும்படி உறுப்பினர்களுக்கு உத்தரவு. ஆதரவு 308, எதிர்ப்பு 124. அந்த 124 பேரில் 48 பேர் உத்தரவை மீறிய தொழிற்கட்சியினர்.

ஹார்மனின் வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். அடுத்தடுத்து இரண்டு தேர்தல்களில் தோற்றிருந்தார்கள். நலத்திட்டச் செலவு விஷயத்தில் வாக்காளர்களின் நம்பிக்கையை இழந்திருந்தார்கள். எதையும் எதிர்க்கும் கட்சி என்ற பெயர் வாங்கக் கூடாது என்று அவர் நினைத்தார். தோற்றவர் மக்களின் பேச்சுக்குக் காது கொடுக்க வேண்டும் என்பதில் தவறில்லை. ஆனால் பெரும்பான்மை ஆளுங்கட்சியிடம் இருந்தது. எதிர்த்து வாக்களித்தாலும் மசோதா பெரும்பாலும் நிறைவேறியிருக்கும் என்றால், ஒதுங்கி நின்று கட்சி காப்பாற்றிக்கொண்டது எதை? தோற்கப்போகும் வாக்கெடுப்பில்தான் எதிர்க்கட்சி தன் மனத்தை முழுமையாகச் சொல்ல முடியும். கையில் அதிகாரம் இல்லாதவருக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான். அதையும் அவர்கள் சொல்லவில்லை.

தொண்டர்கள் இதைப் பொறுக்கவில்லை. அப்போது தலைமைக்குப் போட்டியிட்ட நால்வரில் மூவர் அன்றிரவு ஒதுங்கினார்கள். எதிர்த்து வாக்களித்தவர் ஜெரமி கோர்பின் ஒருவரே. 35 உறுப்பினர்களின் பரிந்துரை தேவைப்பட்ட இடத்தில் 36 பேரோடு, நேரம் முடியும் தறுவாயில் களத்துக்குள் நுழைந்தவர் அவர். செப்டம்பர் 12 அன்று 59.5 விழுக்காடு வாக்குகளோடு வென்றார். அவர் தலைமையில் கட்சி 2017லும் 2019லும் தோற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். துணிச்சல் தேர்தலை வென்று தரும் என்று நான் வாதிடவில்லை. வெற்றி தோல்விக் கணக்கு உதவியை இழந்த வீடுகளின் அடுப்பங்கரையை எட்டுவதில்லை.

எதிர்ப்புக்குப் பலன் இல்லை என்பவர்களுக்கு அதே ஆண்டின் அக்டோபர் 26ஐ நினைவூட்டுகிறேன். ஏழை உழைப்பாளர்களின் வரிச்சலுகை உதவியைக் குறைக்கும் இன்னொரு நடவடிக்கை பிரபுக்கள் சபைக்கு வந்தது. அதற்கு எதிராகத் தொழிற்கட்சியின் பாட்ரிசியா ஹோலிஸ் கொண்டுவந்த தீர்மானம் 289க்கு 272 என்று வென்றது. ஒரு மாதத்துக்குள் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்பர்ன் அந்தக் குறைப்பைக் கைவிட்டார். மக்கள் தேர்ந்தெடுக்காத அவையில் அந்த எதிர்ப்பு பலித்தது. மக்கள் தேர்ந்தெடுத்த அவையில் ஜூலையில் மசோதாவின் மீதே வாக்கெடுப்பு வந்தபோது கட்சி அதை முயலக்கூட இல்லை.

மூன்றாம் குழந்தைக்கு உதவியை மறுத்த அந்த ஜூலை மசோதாவின் இரண்டு குழந்தை வரம்பு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலையில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. அதே மாதம் 23ஆம் நாள், வரம்பை நீக்கக் கோரிய திருத்தத்துக்கு வாக்களித்த அதன் உறுப்பினர்கள் எழுவர் நாடாளுமன்றக் கட்சியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். எதிர்க்கட்சியாக இருந்தபோது பழகிய தயக்கம் ஆளும் இருக்கையிலும் கூடவே வந்து அமர்ந்தது என்றே நான் காண்கிறேன். வரம்பை 2026 ஏப்ரலில் நீக்குவதாக 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில்தான் அறிவித்தார்கள். அந்த வரம்புக்குள் முதன்முதலில் பிறந்த மூன்றாம் குழந்தைகளுக்கு அந்த ஏப்ரலில் ஒன்பது வயது.