ஓரத்தில் ஒதுக்கும் இலை
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழா மேடையில் மொழியின் பெருமையைப் பேசுவதே வழக்கம். இன்று நாம் அடுக்களைக்குள் புக உங்கள் இசைவை வேண்டுகிறோம். காரியம் முடிந்ததும் கைவிடப்பட்டவனைக் கறிவேப்பிலைக்கு ஒப்பிடுவது நம்மவர் மரபு. அவ்வுவமை மனிதருக்குப் பொருந்தலாம்; அந்த இலைக்கு அது பெரும் அநீதியே.

பாலக்காட்டுச் சமவெளிக்கு வடக்கே நிமிர்ந்து நிற்கும் நீலகிரியின் குன்னூரில், 1918-ஆம் ஆண்டு மக்காரிசன் என்னும் மருத்துவர் ஓர் அறையில் உணவுக் குறைபாட்டு நோய்களை ஆராயத் தொடங்கினார். அக்கூடமே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பூண்டது. 1971-இல் வெளிவந்த அதன் அட்டவணைப்படி, 100 கிராம் கறிவேப்பிலையில் 830 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. முருங்கைக்கீரையில் 440, கொத்தமல்லித் தழையில் 184, பசும்பாலில் 120.

இக்கணக்கைக் கேட்டு எவரும் பாலை நிறுத்திவிட வேண்டா. ரசத்தில் மிதக்கும் ஓர் இணுக்கு ஒரு கிராமைத் தாண்டுவது அரிது. அதை மென்று விழுங்கினாலும் கிடைப்பது எட்டு மில்லிகிராம். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டுவதோ ஆயிரம். மேலும் இவ்விலையிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்பைப் பிணைத்துக்கொண்டு உடலில் சேரவிடாது தடுக்கும். ஆகவே தாளிதத்தோடு நில்லாமல் துவையலாக, பொடியாக, குழம்பாக அரைத்து உண்டால்தான் பயன் குறிப்பிடத்தக்கதாகும். அப்படி அரைக்கையில் மிகுதியாகக் கிடைப்பது கரோட்டின் என்னும் பொருள். உடல் அதை உயிர்ச்சத்து ‘ஏ’ ஆக மாற்றிக்கொள்கிறது. கண்ணொளிக்கு அது இன்றியமையாதது. கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தே நன்கு செரிக்கும். அவியலை இறக்கியபின் பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் இட்டு மூடிவைக்கும் பாலக்காட்டுத் தாய்மார் எந்நூலையும் படித்து அதைச் செய்தவரல்லர்!

இனி ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள்களைப் பற்றிச் சிறிது கூறுவோம். பெயர் அச்சுறுத்தினாலும் செய்தி எளியது. நாட்பட்ட நெய் காற்றுப்பட்டுச் சிக்கு வாடை பெறுகிறதன்றோ? வெண்ணெய் உருக்குகையில் முருங்கையிலையோ கறிவேப்பிலையோ இடுவது நம் வீடுகளில் உள்ள பழக்கம். 1979-இல் பால்பொருள் ஆய்வாளர் கறிவேப்பிலையையும் வெற்றிலையையும் இட்டு நெய் உருக்கிச் சோதித்து, அது கெடுவது தாமதப்படுவதைக் கண்டனர். கறிவேப்பிலையில் உள்ள மகானிம்பின் முதலான காரப்பொருள்களுக்கு இவ்வாற்றல் உண்டெனப் பின்வந்த ஆய்வுகளும் காட்டின. ஆயினும் நெய்ச் சட்டியில் நிகழ்வது மனித உடலிலும் அப்படியே நிகழும் என எண்ணுதல் தவறு. கறிவேப்பிலைச் சாற்றால் நீரிழிவு தீருமென்று கைப்பேசியில் உலவும் செய்திகளை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

தேயிலைத் தோட்டக் குடும்பங்களுக்கு நாம் சிறப்பாகச் சொல்ல விரும்புவது வேறொன்று. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தச்சோகை உடையவர். கீரைகளிலும் தழைகளிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. எலுமிச்சையோ நெல்லிக்காயோ உடன் சேர்ந்தால் ஏற்கும். சோற்றோடு சேர்த்துத் தேநீர் பருகினால் தேயிலையின் துவர்ப்பு அதைத் தடுத்துவிடும். லயத்துக் குடும்பங்களில் உணவு முடிந்த கையோடு ‘சாயா’ அருந்தும் பழக்கம் உண்டு. நம் கை பறித்த இலையே நம் இரத்தத்துக்குத் தடையாக வேண்டுமா? ஒரு மணி நேரம் பொறுத்துப் பருகினால் போதும். சோகை கண்டவர் மருத்துவர் தரும் இரும்பு மாத்திரையை விடாது உண்ண வேண்டும். துவையல் அதற்கு ஈடாகாது.

வாளையாற்றையும் குமுளியையும் கடந்து வரும் இலையைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2015-இல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறையினர் தமிழ்நாட்டுக் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாகக் கூறிச் சோதனையைக் கடுமையாக்கினர்; கறிவேப்பிலையும் அப்பேச்சில் அடிபட்டது. பிறந்த மண்ணின் மீது வீசப்பட்ட பழியென நம்மிற் சிலர் சினந்தனர். சினத்தால் நஞ்சு நீங்காது. புளி கரைத்த நீரில் இலையைக் கால் மணி நேரம் ஊறவைத்து, நல்ல நீரில் இருமுறை அலசினால் மேற்பரப்பில் உள்ளது பெரும்பாலும் குறையும். இலைக்குள் ஊடுருவியது போகாது.

அதற்கு வழி நாமே வளர்ப்பதுதான். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வெப்பம் இம்மரத்துக்கு உகந்தது. மழைமறைவில் உள்ள மறையூரிலும் தழைக்கும். மூணாற்றுக் குளிரில் அது சுணங்கி நிற்கும். அங்குள்ளோர் லயத்து முற்றத்தில் கொத்தமல்லியும் புதினாவும் பயிரிடலாம். கறிவேப்பிலைக்கு முதிர்ந்த மரத்தின் அடியில் வேர்விட்டுக் கிளைக்கும் கன்றைப் பெயர்த்து, மழைத் தொடக்கத்தில் நடுவது எளிய முறை. விதையிட விரும்பினால் கருத்துப் பழுத்த கனியின் சதையை நீக்கி உடனே ஊன்ற வேண்டும். விதை உலர்ந்துவிட்டால் முளைப்பது அரிது.