சிற்றிலும் சிறுதேரும் முதல் வகுப்பும்



பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதி மூன்றும் விளையாட்டே. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல். வளர்ந்த பிள்ளை எய்தும் ஆற்றலாகவே விளையாட்டை நம் புலவர்கள் கண்டனர். பள்ளிகளோ அதனை முதல் வகுப்பின் வாயிலிலேயே விட்டுவரச் சொல்லின.

அந்நிலையை மாற்றிய முயற்சிக்கு நம் மண்ணிலும் வேருண்டு. 1990களில் வேலூர் மாவட்டத்தில், கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்ட சிறார்க்குச் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. பீடி சுற்றிய விரல்கள் அங்கே பலகை பிடித்தன. இங்கே ஆட்சியராகப் பணியாற்றிய எம். பி. விஜயகுமார், 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். பின்னர் அது தமிழகமெங்கும் பரவியது. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது.

ஆம்பூரில் தோல் தொழிலாளியின் பிள்ளை வீட்டில் உருதோ தெலுங்கோ பேசலாம். அப்பிள்ளைக்குத் தமிழ் நெடுங்கணக்கு வெற்றொலி. புளியங்கொட்டை எண்ணுகையில், தோழியோடு கைகொட்டிப் பாடுகையில், அவ்வொலி பொருள் பெறுகிறது. பிழைபட்டால் ஆட்டம் மீண்டும் தொடங்கும், அடி விழாது. அச்சமின்மையே முதற்பாடம்.

அட்டைகளை அரசு தரும். பாட்டை யார் தருவார்? கவியரங்குகளுக்கு எண்ணற்ற பாக்கள் யாத்த நாம், ஐந்து வயதுப் பிள்ளை குதித்தவாறே சொல்லத்தக்க நான்கடிகள் எத்தனை யாத்தோம்? பதினோராம் ஆண்டில் கவிஞர் ஒவ்வொருவரும் அத்தகைய பாடல் ஒன்றேனும் தருக. நம் அரங்கில் கைதட்டல் பெறுமுன், அது முதல் வகுப்பில் அரங்கேறட்டும்.