விதி நான்கு

(டில்லிக் கிளையின் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கிளையின் சிறுவர், இளைஞர் பணிகளில் எல்லாத் தரப்புப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுப்பது பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். பெரிய விஷயம். எனக்குத் தெரிந்தது நம் சிறுவர் நூலகம் ஒன்றுதான். என் வீட்டு முன்னறையில் இருக்கும் அந்த இரண்டு பீரோக்களை வைத்தே பேசுகிறேன்.

பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்து 1973-ல் வேலைக்காக டில்லி வந்தேன். கரோல் பாகில் ஓர் அறையில் நான்கு பேர். பொழுது போகாவிட்டால் பழைய டில்லி ரயில் நிலையத்துக்கு எதிரே டில்லி பொது நூலகத்துக்குப் போய்விடுவேன். யுனெஸ்கோ உதவியோடு உருவாகி, 1951 அக்டோபர் 27-ல் நேரு திறந்து வைத்த நூலகம். சந்தா கிடையாது, புத்தகத்தை அவரவரே அலமாரியிலிருந்து எடுக்கலாம். சிறுவர் பகுதியும் உண்டு. டீக்கடைப் பையனும் குமாஸ்தா வீட்டுப் பையனும் ஒரே மேஜையில் படம் பார்த்துக் கொண்டிருப்பார்கள். யாரும் 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று கேட்டதில்லை.

இதற்கெல்லாம் சூத்திரம் எழுதியவர் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன். கணித வாத்தியாராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். பின்னாளில் டில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டு: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். அதே ஆண்டு மன்னார்குடி மேலவாசலில் புத்தகங்களை மாட்டுவண்டியில் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பும் ஏற்பாட்டையும் தொடங்கி வைத்தார். 'நம்மவர்' என்று மேடைதோறும் பெருமைப்படுகிறோம். நம் நூலகத்துக்கு ஒரு விதி எழுத நேர்ந்தபோது நான் என்ன எழுதினேன் தெரியுமா? விதி நான்கு: 'உறுப்பினர்களின் குழந்தைகளுக்கு மட்டும்.'

எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மாள் ஜங்புரா மதராசி கேம்ப்பில் இருந்தார். லீவு நாட்களில் மகளையும் அழைத்து வருவார். எட்டாவது படித்த பெண். தமிழ் நன்றாக வாசிப்பாள். ஒரு நாள் பீரோ திறந்திருந்தது. ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து நின்றபடியே பத்துப் பக்கம் படித்துவிட்டு, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சிட்டுத் தரட்டுமா தாத்தா?" என்றாள். நான் விதியைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. எடுத்த இடத்திலேயே, முதுகு வரிசை கலையாமல் வைத்துவிட்டுப் போனாள்.

அந்தப் பதிவேட்டை அன்றிரவு புரட்டினேன். இரண்டு வருஷத்தில் தமிழ்ப் புத்தகம் எடுத்த குழந்தைகள் மூன்றே பேர். நம் பேரக்குழந்தைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. படிக்கத் தெரிந்த குழந்தையை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். இருந்தும் விதியை மாற்ற நான் எழுந்திருக்கவில்லை. கமிட்டியில் யார் என்ன சொல்வார்களோ என்ற தயக்கம்.

பாராபுல்லா வடிகாலை ஒட்டி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த மதராசி கேம்ப், உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1-ல் இடிக்கப்பட்டது. தகுதியுள்ளவர்கள் என்று கணக்கில் வந்தவர்களுக்கு நகரின் வடகோடியில் நரேலாவில் வீடு. அந்த அம்மாளும் அங்கே போய்விட்டார். வேலைக்கு வருவதில்லை. அந்தப் பெண் என்ன படிக்கிறாள், படிக்கிறாளா என்பதே எனக்குத் தெரியாது.

'புத்தகம் திரும்பி வராது' என்று ஒரு நண்பர் எச்சரித்தார். திரும்பி வராத புத்தகங்களின் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது அவருடையது!

விதி நான்கை நீக்கும் தீர்மானம் இன்று உங்கள் முன் இருக்கிறது. நிறைவேறினால் செலவு அதிகமில்லை. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். அச்சிட்டுக் கொள்ளவும் தடையில்லை. பார்வையற்ற பிள்ளைகளுக்கு 2016-ல் வந்த சுகம்ய புஸ்தகாலயா இருக்கிறது. சென்னையின் தூலிகா, தாரா புத்தகங்களையும் வாங்கலாம். நம் பீரோவில் அக்ரஹாரமும் கொலுவும் வரும் கதைகள் நிறைய; மீனவர் வீட்டுப் பிள்ளையோ சக்கர நாற்காலிப் பிள்ளையோ வரும் கதை தேடினாலும் அகப்படவில்லை.

நரேலாவுக்கு மாதம் ஒரு ஞாயிறு ஒரு பெட்டிப் புத்தகம் கொண்டுபோக நான் தயார். கார் ஓட்ட இளைஞர் பிரிவிலிருந்து ஒருவர் வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கோகுலம், அம்புலிமாமா இருந்தால் தயவுசெய்து பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.