கோயில் கதவும் கோர்ட்டுக் கதவும்

(வெள்ளிவிழா மாலைக் கூட்டத்தில் பங்கைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



விழாக் காலத்தில் பேச இது ஏற்ற பொருளா என்று குழுவினர் சிலர் தயங்கியதாக அறிந்தேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். திருமண ஓலை வாசிக்கும்போது ஊரே காது கொடுத்துக் கேட்கிறது. பிரிந்து போனவர்களுக்கு ஓலை கிடையாது. அவர்கள் பூசைக்குப் பிந்தி வந்து, கடைசி வரிசையில் நின்று, இறுதி ஆசீருக்கு முன்பே போய்விடுகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் பேசுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வாலிபர் ஒருவர் என்னிடம் வந்தார். முதல் திருமணம் தொடக்கம் முதலே செல்லாது என்று மறைமாவட்டத் தீர்ப்பாயம் அளித்த தீர்ப்பைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். அதை நம்பிக் கோயிலிலேயே மறுமணம் செய்து, ஒரு பெண் குழந்தையும் பிறந்திருந்தது. முதல் மனைவியோ, கணவர் இருதாரம் மணந்தார் என்று புகார் கொடுத்துவிட்டார். "திருச்சபையே விடுதலை கொடுத்த பிறகு இது எப்படிக் குற்றமாகும்?" என்று அவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நாட்டின் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. மோலி ஜோசப் வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. திருச்சபைத் தீர்ப்பாயத்தின் முடிவு மனச்சாட்சிக்கும் திருவருட்சாதனத்துக்கும் உரியது. சட்டப்படியான திருமணத்தை அது அவிழ்க்காது. அவிழ்க்க வேண்டுமானால் மாவட்ட நீதிமன்றத்துக்கோ குடும்பநல நீதிமன்றத்துக்கோதான் போகவேண்டும். அதற்கு முன் மறுமணம் செய்தால் 7 ஆண்டு வரை சிறை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அந்த வழக்கில் என்னை உறுத்தியது வாலிபரின் நிலை அல்ல, ஒரு பாவமும் அறியாத இரண்டாவது பெண்ணின் நிலை. சட்டத்தின் கண்ணில் அவள் மனைவியே அல்ல.

இதன் மறுபக்கமும் உண்டு. கோர்ட்டு விவாகரத்து கொடுத்துவிட்டதால் கோயிலில் மறுமணம் செய்யலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதுவும் நடவாது. இரண்டு கதவு, இரண்டு சாவி. தீர்ப்பாயத்தின் வழி முன்பைவிடச் சுருங்கியிருக்கிறது. 2015இல் போப் பிரான்சிஸ் செய்த சீர்திருத்தத்துக்குப் பின், மேல்முறையீடு இல்லையானால் ஒரே தீர்ப்பு போதும். முன்போல இரண்டாவது தீர்ப்பாயமும் ஒத்துக்கொள்ளவேண்டும் என்பதில்லை. தீர்ப்பாயம் திருமணம் செல்லாது என்று சொன்னால் பிள்ளைகள் முறையற்ற பிள்ளைகளாகிவிடுவார்களோ என்று தாய்மார்கள் அஞ்சுகிறார்கள். ஆகமாட்டார்கள். திருச்சபைச் சட்டமே அதைச் சொல்லியிருக்கிறது.

நமக்கு உரிய நாட்டுச் சட்டம் 1869இல் வெள்ளைக்காரன் எழுதியது. கணவன், மனைவியின் விபசாரம் ஒன்றை நிரூபித்தால் போதும். மனைவியோ பெரும்பாலும் விபசாரத்தோடு கொடுமையையோ கைவிடுதலையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். மாவட்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னாலும் உயர்நீதிமன்றம் உறுதி செய்யவேண்டும். இந்த ஓரவஞ்சனை 2001 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. நம் பாட்டிமார் பொறுத்துப் போனதற்குப் பக்தி மட்டும் காரணமல்ல என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். 2001 திருத்தத்துக்குப் பின் இருவருக்கும் ஒரே காரணங்கள். கொடுமை தனிக் காரணம், 2 ஆண்டு கைவிடுதல் தனிக் காரணம். மனமொத்த விவாகரத்தும் அப்போதுதான் நமக்கு வந்தது. அதற்கு 2 ஆண்டு பிரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் எழுதியது, மற்றவர்களுக்கு ஓராண்டே. கேரள உயர்நீதிமன்றம் 2010இல் நமக்கும் ஓராண்டு போதும் என்றது. உங்கள் நீதிமன்றம் எதைப் பின்பற்றுகிறது என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். குடும்பத்தில் சண்டை முற்றினால் ஊர்ப் பெரியவர்கள் கூடி, "இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்கிறோம்" என்று முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் மனமொத்துப் பிரிந்து வாழும் மனைவி, ஜீவனாம்சப் பிரிவின் கீழ் தனக்கென்று கேட்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. முன்பு 125ஆம் பிரிவு என்போமே, 2024 ஜூலை முதல் அது புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவு. அடிபட்டு வீட்டை விட்டு வந்த பெண், சம்மதித்துப் பிரிந்ததாக எழுதிக்கொடுத்தால், தன் கஞ்சியில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டவள் ஆகிறாள். அந்தத் தாள் திருமணத்தையும் அவிழ்க்காது. பெரியவர்களே, சமாதானம் பேசுங்கள். தாள் மட்டும் எழுதாதீர்கள். நானும் இளம் வக்கீலாயிருந்தபோது இப்படியொரு தாளை எழுதிக்கொடுத்தவன்தான். அந்தத் தாயின் முகம் இன்னும் மறக்கவில்லை.

பிள்ளைகளின் ஜீவனாம்ச உரிமையை எந்தத் தாளும் பறிக்காது. விவாகரத்து வழக்கு இல்லாமலேயே ஜீவனாம்சம் கேட்கலாம். இருவரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணத்தோடு காட்டவேண்டும் என்றும், மனுப் போட்ட நாளிலிருந்தே தொகை கணக்கிட வேண்டும் என்றும் 2020இல் உச்சநீதிமன்றம் கூறியது. ஆகவே தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நட்டம். கையில் காசில்லையே என்றால், பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் கொடுக்க 1987ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் உண்டு.

பிள்ளை யாரிடம் என்ற வழக்கில் நீதிபதி பார்ப்பது பிள்ளையின் நலனை. தகப்பனின் சம்பளமோ தாயின் கண்ணீரோ மட்டும் தீர்மானிக்காது. பார்வை நேரம் குறிக்கும்போது நீங்களும் யோசித்துச் சொல்லுங்கள். ஒரு வழக்கில் ஞாயிறு காலை 8 மணி என்று குறிக்கப் போனார்கள். பையன் புதுநன்மைக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். மறைக்கல்வி வகுப்பு இருக்கிறது என்று எடுத்துச் சொன்னோம். 11 மணி என்று மாற்றினார்கள். அதன்பின் தகப்பன் கோயில் வாசலிலேயே வந்து காத்திருக்கத் தொடங்கினார். தாய்க்கும் அதில் மறுப்பில்லை.

பிரிந்து வாழ்பவர்கள் நற்கருணை வாங்கக்கூடாது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மறுமணம் செய்யாதவருக்கு விவாகரத்து மட்டும் தடையில்லை என்று போப் இரண்டாம் யோவான் சின்னப்பர் 1981இலேயே எழுதிவிட்டார்.

பங்குத்தந்தையின் அனுமதியோடு மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் பங்கு அலுவலக அறையில் இருப்பேன். திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ஏற்கனவே கையெழுத்துப் போட்ட தாள் ஏதுமிருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள், போடுவதற்கு முன்பே வாருங்கள்.